நெற்றி மட்டும்

சுடுகாட்டுப் புங்க மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த பானையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு என் தம்பி ஜெகன் திருமுக்கூடலுக்குக் கிளம்பினான். பானைக்குள் இருந்தது என் வீட்டுக்காரர் லாமின் எலும்பு. வியட்நாமிலிருந்து வரும் என் நாத்தனார் எங்கள் வாசற்படியை மிதிப்பதற்குள் அதை ஆற்றில் கரைத்துவிட வேண்டும் என்பது ஜெகனின் திட்டம். சரியென்று தலையாட்டியவள் நான்தான்.

"அவ வந்து பாக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கணும் அக்கா. காரியமே இல்லன்னா அவளுக்கு இங்க இன்னா வேலை? ஒரு வாய் காப்பியக் குடிச்சிட்டு கிளம்பிக்கினே இருப்பா" என்று பைக்கை உதைத்தான். பானையைப் புது மஞ்சள் துணியில் கட்டி வயிற்றோடு அணைத்து வைத்திருந்தான். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் பயமெல்லாம் எலும்பைப் பற்றியதே அல்ல. அம்முலுவைப் பற்றியது. எனக்கும் லாமுக்கும் இருக்கிற ஒரே பெண். ஏழு வயது. லாம் இறந்த அன்றே அவருடைய தங்கை ஹானுக்குப் போனில் செய்தி அனுப்பியிருந்தேன். மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டு அவள் அனுப்பிய பதில் இரண்டே வரிதான். "நான் வருகிறேன். நான் வரும்வரை எதையும் முடித்துவிடாதீர்கள்."

அதைப் படித்துக் காட்டியதும் என் அம்மா எல்லம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "புள்ளையக் கூட்டிக்கினு போகத்தாண்டி வரா. அப்பன் செத்தா புள்ள அப்பன் வூட்டு வாரிசு. ஊர்ல நடக்காததா? நீயும் மாசச் சம்பளத்துக்குப் போறவ. கோர்ட்டுல கேட்டாலும் அவங்க பக்கந்தான் பேசுவான்."

சட்டம் தெரிந்தவள்போல் அம்மா பேசினால் எனக்கு வழக்கமாகச் சிரிப்புத்தான் வரும். அன்று வரவில்லை. ஹான் கேட்டபடி பானையை மரத்தில் தொங்கவிட்டுக் காத்திருந்த நாளெல்லாம் இதே பேச்சு. எங்கள் பக்கத்தில் கணவன் இறந்த பெண்ணின் பிள்ளையை மாமியார் வீட்டார் வந்து அள்ளிக்கொண்டு போன கதை தெருவுக்கு ஒன்று உண்டு. எங்கள் தெருவில் இரண்டு உண்டு. கடைசியில், ஹான் வருகிற அன்று முதல் பஸ்ஸிலேயே அம்முலுவை ஜெகனின் மனைவி கீதாவோடு திருப்புட்குழிக்கு அனுப்பினேன். அங்கே கீதாவின் அம்மா வீடு. "நான் போன் பண்ற வரைக்கும் வெளிய விடாத" என்று சொல்லியிருந்தேன்.

லாம் எங்கள் ஊர்க்காரர் இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். வாயைத் திறந்தால் எங்கள் பெருநகர் கிராமத்து அசல் ஆள். செய்யாற்றுப் பக்கம் ஷூ கம்பெனி திறந்தபோது தையல் சொல்லிக்கொடுக்க வியட்நாமிலிருந்து வந்த ட்ரெயினர்களில் அவரும் ஒருவர். நான் அந்த லைனில் மிஷின் ஓட்டினேன். எங்களிடமிருந்தே தமிழ் கற்றார். "இன்னா சுதா, நூலு அறுந்துக்கினே கீது?" என்று அவர் கேட்டால் லைனே சிரிக்கும். ஊரார் அவரைச் சைனாக்காரர் என்றார்கள். "சைனா இல்ல. சாம்" என்று விரலை ஆட்டுவார். சாம்பா என்று ஒரு ராஜ்ஜியம் இருந்ததாம். கடற்கரை நெடுகச் செங்கல் கோபுரம் கட்டி உள்ளே லிங்கம் வைத்தார்களாம். ராஜாக்களின் பெயர் எல்லாம் வர்மன் வர்மன் என்றே முடியுமாம். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் கல்வெட்டைத் தடவிக்கொண்டே, "இந்த எய்த்து எங்க எய்த்துக்குப் பெரியப்பா புள்ள" என்றார்.

"அந்த நாடு இப்ப எங்க மாமா?" என்று ஜெகன் சீண்டினான்.

"நாடு போயி எரநூறு வருஷம் ஆச்சு மச்சான். கோபுரம் கீது. பூசாரி கீறாரு. நாங்க கீறோம்" என்றார் லாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

எங்கள் கல்யாணம் தாமதமானதற்குக் காரணமே வேறு. அவர் வந்து கேட்பார் என்று நான் காத்திருந்தேன். நான் வந்து கேட்பேன் என்று அவர் காத்திருந்தார். சாம் ஜனங்களில் பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேட்க வேண்டுமாம். கட்டிக்கொண்ட பிறகு ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டுமாம். கடைசியில் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் எரிச்சலோடு கேட்டேன். "கட்டிக்கிறியா இல்லியா?" என்றதும், "எப்பக் கேப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார். சிவனைக் கும்பிடுகிறவர், மாட்டுக்கறி தொடாதவர் என்று தெரிந்து அம்மாவும் அடங்கினாள். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் அவரைக் கிண்டல் செய்தது. அவருக்கு அது கிண்டலென்றே உறைக்கவில்லை. "ஆமா, வேற எங்க போறது?" என்று திருப்பிக் கேட்பார்.

அப்படிப்பட்டவர் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

மதியத்துக்கு மேல்தான் ஹான் வருவாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஜெகன் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அம்மா நாஷ்டாவுக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள், வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "பூட்டுடி கதவை" என்றாள். எதற்குப் பூட்டுவது என்று அவளுக்கும் தெரியாது.

இறங்கியவள் குள்ளமாக இருந்தாள். கணுக்கால்வரை தொங்கும் வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் துணி. முகத்தைப் பார்த்தேன். லாமின் நெற்றி. அதே அகலம், அதே மேடு.

அவள் அழவில்லை. கூடத்தில் மாலை போட்டிருந்த லாமின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு திரும்பி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் அம்முலுவின் ரோஜா நிறச் செருப்பு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் போனை வாயருகே வைத்து ஏதோ சொன்னாள். போன், பாடப்புத்தகம் படிப்பதுபோல் தமிழில் பேசியது.

"குழந்தை எங்கே?"

அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தாள். "இஸ்கூலுக்குப் போயிருக்கு. பரீட்சை" என்றாள். தை அமாவாசை அன்றைக்கு, அதுவும் அப்பா போன வாரத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரீட்சை. பொய் சொல்வதிலும் ஒரு லட்சணம் வேண்டாமா? ஹான் அதைப் போனில் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

பையைத் திறந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்தாள். ஓரத்தில் கட்டம் கட்டமாக நெசவு. லாமின் அம்மா தன் கையால் நெய்ததாம், அம்முலுவுக்காம். அம்மா அதைத் தள்ளிவிட்டாள். "துணியைக் காட்டி புள்ளைய இஸ்துக்கினு போலாம்னு பாக்குறியா?" என்று கத்தினாள். நல்லவேளை, போன் அணைந்திருந்தது. வார்த்தை புரியாவிட்டால் என்ன, கை தள்ளியது புரியாதா? ஹான் துணியை எடுத்து மடித்து மறுபடி எங்கள் பக்கமே வைத்தாள். பையில் கையை விட்டு இன்னொன்றை எடுத்தாள்.

வெற்றிலைச் செல்லத்தைவிடச் சின்ன பித்தளைப் பெட்டி. வட்டமாக, மூடியோடு. அதை லாமின் படத்துக்கு முன்னால் வைத்துத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஒன்பது விரலை விரித்தாள். போன் பேசியது.

"அண்ணனின் நெற்றி எலும்பைப் பெற்றுக்கொள்ள வந்திருக்கிறேன். ஒன்பது துண்டுகள். இந்தப் பெட்டியில் வைத்து எங்கள் தாயின் குலத்தாரிடம் சேர்க்க வேண்டும். எலும்பு எங்கே?"

"எலும்பா?" என்றாள் அம்மா.

லாம் ஒருநாள் செய்யாற்று மணலில் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது கண் முன்னால் வந்தது. "எங்க அம்மா வூட்டு ஆளுங்க செத்தா இப்டித்தான் வரிசையா கல்லு, ஒரே எடத்துல. ஆம்பளைக்கு உசிரோட கீற வரைக்கும் பொண்டாட்டி வூடு. செத்தா அம்மா வூடு" என்றார். "அப்ப நான்?" என்று கேட்டேன். "நீ உங்க அம்மா வூட்டு ஆளுங்களோட" என்றார். "எங்களுக்கு வூடும் இல்ல கல்லும் இல்ல. ஆறுதான். போய்யா" என்று அவர்மேல் மணலை அள்ளி வீசிவிட்டு எழுந்து வந்தேன். உண்மையாகவே கோபம் எனக்கு. செத்த பிறகு என்னை விட்டுப் போகிறேன் என்கிறவனிடம் வேறென்ன செய்வது? அந்தப் பேச்சை அதோடு விட்டேன். இந்த வாரம் முழுக்கப் பிள்ளைப் பயம் தலைக்கு ஏறியிருந்ததில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெகனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். பைக்கின் பெட்டியில் போனை வைத்துவிட்டு ஆற்றில் இறங்கும் பழக்கம் அவனுக்கு.

"எலும்பு ஆத்துக்குப் போயிடுச்சு" என்று ஹானின் போனில் சொன்னேன். அது மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஹான் எழுந்துவிட்டாள். பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நானும் செருப்புகூடப் போடாமல் காரில் ஏறினேன்.

"திருமுக்கூடலுக்கு ஓட்டுண்ணா. வேகமா" என்றேன். டிரைவர் சென்னைக்காரர். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மானாம்பதி தாண்டியதும் நெல் அறுக்கிற மிஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தார், ஒதுங்கவில்லை. ஹான் கதவைத் திறந்து இறங்கி, வெள்ளை உடையோடு மிஷினுக்கு முன்னால் ஓடிப்போய்க் கையை விரித்து நின்றாள். மிஷின்காரன் அரண்டுபோய் வயலோரம் இறக்கினான். ஆள் குள்ளந்தான், ஆனால் பிடிவாதத்தில் அண்ணனுக்குத் தங்கை.

மறுபடி ஏறியவள் போனை என்னிடம் நீட்டினாள். "ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை?" என்றது அது.

மழுப்பலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்கும் தெம்பில்லை. "நீ எங்க அம்முலுவைக் கூட்டிக்கினு போக வரேன்னு பயந்துட்டோம். அதான் சீக்கிரம் முடிச்சி உன்னைத் திருப்பி அனுப்பலாம்னு. புள்ளையக்கூட ஒளிச்சி வெச்சிக்கீறோம்" என்றேன்.

போன் அதை என்னவாகச் சொன்னதோ, ஹான் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். திரும்பவும் சொல்லச் சொல்லிச் சைகை காட்டினாள். கேட்ட பிறகு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"குழந்தையா? அவள் உன் வீட்டுப் பெண். உன் தாயின் வழி. அவளைக் கேட்க எனக்கு என்ன உரிமை? எங்களில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், கேட்டால் ஊர் சிரிக்கும். என் அம்மா தன் மகனை உன் வீட்டுக்கு முழுசாகக் கொடுத்தாள். அவன் உழைப்பு, அவன் சம்பாத்தியம், அவன் பிள்ளை எல்லாம் உன் வீட்டுக்குத்தான். அவன் இறந்த பிறகு நெற்றி மட்டும் திரும்பி வரும். அதைத்தான் கேட்கிறாள்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் வழக்கம்தான் உலகத்து வழக்கம் என்று இருந்துவிட்டோம். காபந்து பண்ண வேண்டியது எது என்றே தெரியாமல், யாரும் கேட்காத பிள்ளையைத் திருப்புட்குழியில் பூட்டிவைத்துவிட்டு, கேட்க வந்ததை ஆற்றுக்கு அனுப்பியிருந்தேன்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் அமாவாசைக் கூட்டம். அதைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஹான் பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

திருமுக்கூடலில் கரை கொள்ளாத ஜனம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற அகன்ற மணலில் ஆங்காங்கே தண்ணீர் ஓடியது, சில இடத்தில் கணுக்கால், சில இடத்தில் தொடை. தர்ப்பணம் கொடுப்பவர்களும் எள்ளும் வாழை இலையுமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, ஆள் குறைவான இடத்தில், ஜெகன் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். கையில் பானை. வாய் கீழே கவிழ்ந்திருந்தது.

"ஜெகா! நிறுத்துடா!" என்று கத்தினேன். ஐயர், குழந்தைகள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெகன் பானையை நிமிர்த்தினான். எங்களை, முக்கியமாக ஹானை, பார்த்ததும் முகம் இறுகியது.

"எதுக்குக்கா இவள இங்க இட்டுக்கினு வந்த?"

"அவங்க அம்முலுவுக்கு வரலடா. எலும்புக்கு வந்துக்கீறாங்க. மாமாவோட நெத்தி எலும்பு வேணும். எடுத்துக்கினு போய் அவங்க ஊருல வெக்கணும். பானையில கெடக்குதா?"

அவன் பானைக்குள் பார்த்தான். அப்புறம் தண்ணீரைப் பார்த்தான். "பாதி கவுத்துட்டேன்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "வெட்டியான் காலுல ஆரம்பிச்சி தலையில முடிச்சி அடுக்கினான். தல மேல இருந்துச்சு. கவுத்ததும் அதான்க்கா மொதல்ல போச்சு. இங்க கீறதெல்லாம் காலு."

அதை ஹானுக்கு எந்தப் போனும் சொல்லத் தேவைப்படவில்லை. பெட்டியைக் கரையில் வைத்துவிட்டு உடையோடு இறங்கினாள். மண்டியிட்டு, கை இரண்டையும் மணலுக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தாள். நான் அவளுக்கு இந்தப் பக்கம் இறங்கினேன். ஜெகன் பானையைக் கரையில் வைத்துவிட்டு வந்தான். "தோ, இங்கதான் நின்னேன். தண்ணி அப்டிப் போவுது" என்று இடத்தைக் காட்டினான். மாமா மாமா என்று ஒரு தட்டில் சாப்பிட்டவன்தான் அவனும்.

அந்த இடத்தில் கரைத்தது லாமை மட்டுமா? எத்தனை ஊர், எத்தனை வருஷம்! கையை விட்ட இடத்தில் எல்லாம் பானை ஓடு, பாசி பிடித்த பழைய எலும்பு. புதியது எது பழையது எது என்று நிறத்தைப் பார்த்துப் பிரித்தோம். ஹான் ஒவ்வொன்றையும் கண்ணருகே தூக்கிப் பார்ப்பாள், வளைவை விரலால் தடவுவாள், தலையை ஆட்டித் திரும்ப மெல்ல மணலிலேயே வைப்பாள். ஒருமுறை ஜெகன் பெரிய சில்லொன்றை எடுத்துக் கொடுத்தான். அவள் தன் பின்மண்டையைத் தட்டிக் காட்டினாள். அது இல்லை. ஓடு கிழித்து அவள் விரலில் ரத்தம் வந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

வெயில் ஏறியது. தண்ணீர் மணலை நகர்த்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது.

அப்போது என் கையில் ஒன்று தட்டுப்பட்டது. மெல்லிய, வளைந்த சில்லு, உள்ளங்கை அளவு. எடுப்பதற்கு முன்பே என் கட்டைவிரல் தானாகப் போய் அதிலிருந்த ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. சின்ன வயதில் அவர் அம்மாவின் தறிக்கட்டை விழுந்து, இடது புருவத்துக்கு மேலே ஆன பள்ளம். தலைவலி என்று அவர் படுத்தால் நான் தைலம் தேய்க்கிற இடம் அது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரியும்.

நான் அதை வெளியே எடுக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டேன்.

கொடுக்க மாட்டேன் என்றுதான் தோன்றியது. உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு என்ன மிச்சம்? ஒரு படம், இரண்டு கம்பெனிச் சட்டை. கடல் தாண்டி எங்கேயோ, நான் பார்க்காத ஊரில், நான் போய்ச் சேர முடியாத வரிசையில் இதைக் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள். ஆற்றில் விட்டால் நாளைக்கு நானும் இதே ஆற்றுக்குத்தான் வருவேன். ஒரே தண்ணீர். கையைத் திறந்தால் போதும், மணல் மூடிவிடும். கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் கூசாது. காலையிலிருந்து எத்தனை பொய்!

"அக்கா, உனக்கு ஏதாச்சும் கெடைச்சிதா?" என்றான் ஜெகன்.

"இல்ல" என்றேன்.

ஹான் நிமிர்ந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கரையேறினாள். நனைந்த உடையோடு மணலில் உட்கார்ந்து பித்தளைப் பெட்டியை மடியில் எடுத்து வைத்தாள். திறந்திருந்த மூடியை எடுத்து, காலிப் பெட்டியின்மேல் வைத்து அழுத்தினாள். வந்ததிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அந்தக் காலிப் பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறவள் ஒரு அம்மா. அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. பெற்ற பிள்ளையை யாரோ கொண்டுபோய்விடுவார்கள் என்று இந்த வாரம் முழுக்க நடுங்கிச் செத்தவள் நான். பிள்ளையைத் திருப்புட்குழிக்கு அனுப்பியதற்கே எனக்குக் காலையிலிருந்து வயிறு எரிந்தது. அங்கே ஒருத்தி மகனை முழுசாக எனக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நாளும் திருப்பிக் கேட்காமல், துணி நெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தேன். கரைக்குப் போய் ஹானுக்கு முன்னால் உட்கார்ந்து கையைத் திறந்தேன்.

அவள் பார்த்தாள். தன் நெற்றியைத் தொட்டாள். என் கட்டைவிரல் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தவள், அந்தப் பள்ளத்தைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் வந்து நின்ற ஜெகன் என்னையும் சில்லையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

ஹான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்து பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். திரையில் சுருக்கம் விழுந்த ஒரு முகம் வந்தது. தலையில் வெள்ளைத் துணி. லாம் தன் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது ஓரத்தில் கும்பிட்டுவிட்டு நான் நகர்ந்துவிடுகிற முகம். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாவை நான் ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை. மொழி தெரியாது என்பது சாக்கு.

சில்லைத் திரைக்கு நேரே பிடித்தேன். அந்த அம்மா கையை நீட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து, தொட்டுவிட முடியும் என்பதுபோல் விரலை நீட்டி, பள்ளம் இருந்த இடத்தில் திரையைத் தடவினாள்.

"உங்க புள்ளைய வாங்கிக்கோங்க அத்தை" என்றேன். "எங்க வூட்ல நல்லா இருந்தாரு. ஒரு நாளும் மூஞ்சிய சுளிச்சதில்ல. இனிமே உங்க கிட்ட இருக்கட்டும்."

போன் அதை மொழிபெயர்க்கவில்லை. ஹான் போனையும் நான் சில்லையும் பிடித்துக்கொண்டிருந்ததில் ஆப்பைப் போட யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்கு அது தேவையும்படவில்லை. தலையைத் தலையை ஆட்டினாள். நான் சில்லைப் பெட்டியில் வைத்தேன். ஊருக்குப் போய்ப் பூசாரி அதை ஒன்பதாக்குவார் என்று ஹான் கையால் காட்டினாள். மூடியை நானே மூடினேன்.

ஜெகன் கரையிலிருந்த பானையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். மிச்சமிருந்ததை அவன் மெல்ல, மிக மெல்ல ஆற்றில் விட்டான். அது எங்கள் பங்கு.

பிறகு நான் கீதாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "அண்ணி, வந்துட்டாளா அவ? கேட்டாளா? இன்னா சொன்ன?" என்று மூச்சுவிடாமல் கேட்டாள்.

"அம்முலுவுக்குத் தல சீவி விட்டு அடுத்த பஸ்ஸுல கூட்டிக்கினு வா" என்றேன். "அவ அத்தை வந்து கீறாங்க. ஆயா குட்த்த துணி வூட்ல கீது, கட்டிக் காட்டணும்."

"அப்புறம் புள்ளைய கேட்டாங்கன்னா?"

மணலில் ஹான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாமின் நெற்றியில் வெயில் விழுந்திருந்தது.

"கேக்க மாட்டாங்க கீதா" என்றேன். "நாமதான் அவங்க புள்ளைய வெச்சிக்கினு இருந்தோம்."